ஒரே சீரம், இரண்டு பிளேட், இரண்டு முடிவு: எலைசா குழியில் புரதம் எந்தப் பக்கம் திரும்பி அமர்ந்திருக்கிறது என்று கண்டறியும் முறை

ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி (உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களால் இரத்தம் உறைவதும் கருச்சிதைவும் நேரும் நோய்) இருக்குமோ என்ற ஐயத்தில் இரத்தம் கொடுத்த ஒருவரின் சீரத்தை, பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 என்ற புரதம் பூசிய இரண்டு வகை எலைசா பிளேட்டுகளில் சோதித்தால், ஒன்றில் தெளிவான பாசிட்டிவும் மற்றொன்றில் நெகட்டிவும் வருவது உண்டு. எலைசா என்பது குழியில் பூசிய புரதத்தில் சீரத்தின் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரின்) எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று நிற மாற்றத்தால் காட்டும் சோதனை. இங்கே சீரமும் புரதமும் ஒன்றே. அளந்து ஊற்றியவரும் ஒருவரே. மாறியது பிளேட்டின் பிளாஸ்டிக் பரப்பு மட்டுமே. நோயாளியைப் பொறுத்தவரை இது சிறிய வேறுபாடு அன்று. இரத்தம் உறையாமல் இருக்க நெடுங்காலம் மருந்து எடுக்க வேண்டுமா, அடுத்த கர்ப்பத்தை எப்படிப் பாதுகாப்பது என்பன போன்ற முடிவுகள் இந்த எண்ணையும் பார்த்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே, புரதம் குழியில் ஒட்டியிருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கத்தை மேலே காட்டிக்கொண்டு ஒட்டியிருக்கிறது என்பதையும் ஒவ்வோர் ஆய்வகமும் தானே சோதித்து அறிந்துகொள்ள வேண்டும். அதற்கான வழிமுறையையே இங்கே எழுதுகிறேன். பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தச் சிக்கல் இவ்வளவு துல்லியமாக ஆராயப்பட்ட புரதங்கள் மிகச் சிலவே என்பதுதான்.

முதலில் புரதத்தின் அமைப்பு

இந்தப் புரதம் 326 அமினோ அமிலங்களைக் கொண்டது. ஐந்து டொமைன்கள் (தனித்தனியே மடிந்த பகுதிகள்) மணிகளைக் கோத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தது. நம் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 மைக்ரோகிராம் என்ற அளவில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் டொமைனில் லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருங்கி நேர்மின்னூட்டம் மிகுந்த ஒரு திட்டு இருக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்போலிப்பிட் படலத்தில் புரதம் இந்தத் திட்டைக் கொண்டே அமர்கிறது. அப்படி அமரும்போது மறுகோடியில் உள்ள முதல் டொமைன் திரவத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும். இரத்த உறைவோடு நெருங்கிய தொடர்புடைய தன்னெதிர்ப்பொருள்கள் (உடல் தன் புரதங்களுக்கு எதிராகவே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள்) தேடிப் பிடிப்பது இந்த முதல் டொமைனைத்தான். அதிலும் கிளைசின்-40 முதல் ஆர்ஜினின்-43 வரையிலான பகுதி முக்கியமானது.

கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பிணைவதற்கு இந்தப் புரதம் தேவை என்று 1990இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அதன்பின் புரதத்தை மட்டும் வெறும் பிளேட்டில் பூசிப் பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. சாதாரண பாலிஸ்டைரீனில் பூசினால் நோயாளிகளின் எதிர்ப்பொருள்கள் ஒட்டவில்லை. காமாக் கதிர் அல்லது எலக்ட்ரான் கற்றை பட்டு, ஆக்சிஜன் ஏறிய பாலிஸ்டைரீனில் பூசினால் ஒட்டின. ஜப்பானின் மட்சூரா குழுவினர் 1994இல் இதை வெளியிட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் டி லாட், டி குரூட் ஆகியோரின் குழு, முதல் டொமைனைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் நீர்விலக்கும் பிளேட்டில் பூசிய புரதத்தோடு பிணைகின்றன, நீர்நாட்டமுள்ள பிளேட்டில் பூசியதோடு பிணைவதில்லை என்று காட்டியது.

இவ்விரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதிர் பட்டு ஆக்சிஜன் ஏறிய பரப்பு நீர்நாட்டம் கூடிய பரப்பு; அதில்தான் ஒட்டுகிறது என்கிறது முதல் ஆய்வு. நீர்விலக்கும் பரப்பில்தான் ஒட்டுகிறது என்கிறது இரண்டாவது. இரு குழுவினருமே கவனமாகச் செய்தவர்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, ‘நீர்நாட்டம்’, ‘நீர்விலக்கம்’, ‘ஹை பைண்டிங்’ (புரதத்தை அதிகம் பிடிப்பது) போன்ற பெயர்கள் புரதம் எப்படி அமரும் என்பதைத் தீர்மானிக்கப் போதாதவை என்பதே. மின்னூட்டத்தின் அடர்த்தி, பஃபரின் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலின்) உப்பு, புரதம் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்படுகிறது, தயாரிப்பில் அது எவ்வளவு உருக்குலைந்தது ஆகிய எல்லாமே சேர்ந்து அந்த அமர்வை முடிவு செய்கின்றன. எனவே பிளேட்டின் உறையில் அச்சிட்ட சொல்லை நம்பித் தேர்ந்தெடுக்காமல், எபிடோப் (புரதத்தில் எதிர்ப்பொருள் பிடிக்கும் இடம்) தெரிந்த எதிர்ப்பொருளைக் கொண்டு சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேவையானவை

குறைந்தது மூன்று வகை 96 குழிப் பிளேட்டுகள் வேண்டும்: நீர்விலக்கும் வகை ஒன்று, கதிரூட்டப்பட்ட ஹை பைண்டிங் வகை ஒன்று, மாக்ஸிசார்ப் போன்று இரு தன்மையும் கலந்த வகை ஒன்று. மனித பிளாஸ்மாவிலிருந்து தூய்மைப்படுத்திய புரதம் வேண்டும். எதிர்ப்பொருள்களில், முதல் டொமைனை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் (ஒரே எபிடோப்பைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்) ஒன்று, வேறு டொமைன்களைப் பிடிக்கும் மோனோகுளோனல்கள் ஒன்றிரண்டு, முழுப் புரதத்துக்கும் எதிரான பாலிகுளோனல் (பல எபிடோப்புகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களின் கலவை) ஒன்று ஆகியவை தேவை. முதல் டொமைனை மட்டும் தனியே உருவாக்கிய மறுசேர்க்கைப் புரதம் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். நோய் உறுதியான சிலரின் சீரங்களையும் ஆரோக்கியமானவர்களின் சீரங்களையும் சிறு சிறு பங்குகளாக உறைநிலையில் வைத்துக்கொள்ளவும். ஒரு பங்கை ஒருமுறைக்கு மேல் உருக்க வேண்டாம்.

புரதத்தைச் சோதித்தல்

புரதத்தைப் பூசுவதற்கு முன் மைய விலக்கியில் சுழற்றித் திரட்டுகளை அகற்ற வேண்டும். திரண்ட புரதம் எந்தத் திசையிலும் எதையும் காட்டும். அடுத்து, பிளாஸ்மின் என்ற நொதி இந்தப் புரதத்தை லைசின்-317க்கும் திரியோனின்-318க்கும் இடையில் வெட்டக்கூடியது என்பதை நினைவில் கொள்ளவும். வெட்டுப்பட்ட புரதம் பாஸ்போலிப்பிட்டில் ஒட்டும் திறனை இழக்கிறது. அதாவது ஐந்தாம் டொமைனால் அமர வேண்டிய புரதம் அப்படி அமராது. வெட்டுப்பட்ட துண்டு ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. அதுவும் டைசல்பைடு பிணைப்பால் தாய்ப் புரதத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் என்பதால், ஜெல்லில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கார்டியோலிப்பின் பூசிய குழிகளில் இந்தப் புரதத்தை விட்டு, ஒட்டுகிறதா என்று பார்ப்பதே எளிய வழி. அங்கே ஒட்டாத புரதத் தொகுதியை வைத்துக்கொண்டு பிளேட்டுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

பூசுதல்

மில்லிலிட்டருக்கு 0.5, 1, 2, 5, 10 மைக்ரோகிராம் என ஐந்து செறிவுகளில், இரண்டு பஃபர்களில் புரதக் கரைசலைத் தயாரிக்கவும்: ஒன்று பி.எச். 9.6 கொண்ட கார்பனேட் பஃபர், மற்றொன்று பி.எச். 7.4 கொண்ட பாஸ்பேட் பஃபர். பலரும் பழக்கத்தால் கார்பனேட்டையே எடுக்கிறார்கள். ஆனால் பி.எச். ஏறும்போது லைசின்களின் நேர்மின்னூட்டம் குறையத் தொடங்கும். உப்பு கூடும்போது மின்னூட்டங்களுக்கு இடையேயான ஈர்ப்பு மங்கும். இந்தப் புரதத்தை நிமிர்த்தி வைக்கும் விசையே அந்த ஈர்ப்புதான் என்பதால், பஃபரைத் தேர்ந்தெடுப்பதும் திசையைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். இரண்டையும் சோதிக்காமல் ஒன்றை முடிவு செய்ய வேண்டாம்.

குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மூடி ஒட்டி, 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைக்கவும். ஊற்றும்போது பைப்பெட் முனையைக் குழியின் சுவரில் லேசாகச் சாய்த்து, திரவம் சுவரோடு வழிந்து அடியில் பரவுமாறு விடவும். நீர்விலக்கும் பிளேட்டில் திரவம் அடி முழுவதும் பரவாமல் ஒரு பக்கமாகக் குவிந்து, அடியில் பிறை வடிவில் காற்று தங்கிவிடுவதைப் பார்க்கலாம். அந்தப் பிறை நிலத்தில் புரதமே இராது. பிளேட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, விளக்கொளியில் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து, அப்படிப்பட்ட குழிகளை விரலால் பக்கவாட்டில் தட்டிச் சரிசெய்யவும். ஓரக் குழிகள் காயாமலிருக்க, ஈரத் தாள் விரித்த பெட்டிக்குள் பிளேட்டை வைப்பது நல்லது.

ஒவ்வொரு பிளேட்டிலும் பாதிக் குழிகளைப் புரதம் இல்லாத வெறும் பஃபரால் நிரப்ப வேண்டும். இது விரயம் அன்று. சிலரின் சீரம் வெறும் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டும். கதிரூட்டப்பட்ட பரப்பில் இது இன்னும் கூடும். ஒவ்வொரு சீரத்துக்கும் அதன் சொந்த வெறுங்குழி அளவைக் கழித்த பின்னரே எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டும். பிளேட் முழுமைக்கும் பொதுவான ஒரே கழிப்பு போதாது.

பிளாக்கிங்கும் கழுவுதலும்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கன்றுக்குட்டி சீரத்தால் பிளாக் செய்தால் (குழியில் எஞ்சிய வெற்றிடங்களை அடைத்தால்), அந்தச் சீரத்தில் உள்ள மாட்டின் பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 குழியில் போய் அமர்ந்துகொள்ளும். மனிதத் தன்னெதிர்ப்பொருள்களில் பல அதையும் பிடிக்கும்; கார்டியோலிப்பின் எலைசாவில் மாட்டுச் சீரம் சேர்ப்பதே இதற்காகத்தான். அப்படியானால் புரதம் பூசாத வெறுங்குழியும் பாசிட்டிவ் ஆகும், நீங்கள் கழிப்பது உண்மையான சிக்னலையே கழிப்பதாகும். ஆகவே சீரத்தைத் தவிர்த்து, கேசின், ஜெலட்டின், அல்லது உயர் தூய்மையுள்ள மாட்டு ஆல்புமின் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தவும். ஆல்புமின் என்றால் புதிய புட்டி ஒவ்வொன்றையும் வெறுங்குழியில் சோதித்த பிறகே எடுக்கவும்.

கழுவும் பஃபரில் 0.05 சதவீத ட்வீன்-20 என்ற சோப்புப் பொருளைச் சேர்ப்பது புரதம் பூசிய பிளேட்டுக்குப் பொருந்தும். கார்டியோலிப்பின் பூசிய பிளேட்டில் அது லிப்பிடையே கரைத்துக்கொண்டு போகும் என்பதால் அங்கே கூடாது.

எவ்வளவு ஒட்டியது, எப்படி ஒட்டியது

இந்த வழிமுறையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு பிளேட்டில் சிக்னல் குறைவாக இருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: புரதமே குறைவாக ஒட்டியிருக்கலாம், அல்லது போதுமான புரதம் தவறான பக்கம் திரும்பி ஒட்டியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, ஒவ்வொரு செறிவிலும் பாலிகுளோனலைக் கொண்டு மொத்த அளவையும், முதல் டொமைன் மோனோகுளோனலைக் கொண்டு வெளிப்பட்ட எபிடோப்பையும் தனித்தனிக் குழிகளில் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுக்கவும்.

ஓர் உதாரணத்துக்கு, 450 நானோமீட்டரில் வெறுங்குழி கழித்தபின் கிடைத்த ஒளியுறிஞ்சல் அளவுகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம். முதல் பிளேட்டில் பாலிகுளோனல் 1.50, முதல் டொமைன் 1.20. இரண்டாம் பிளேட்டில் பாலிகுளோனல் 1.45, முதல் டொமைன் 0.30. மூன்றாம் பிளேட்டில் பாலிகுளோனல் 0.60, முதல் டொமைன் 0.48. விகிதங்கள் முறையே 0.80, 0.21, 0.80. இரண்டாம் பிளேட்டில் புரதம் நிறைய இருக்கிறது, ஆனால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் பிளேட்டில் புரதம் குறைவு. இருப்பது சரியாக நிற்கிறது. இரண்டாவதன் குறையைச் செறிவைக் கூட்டித் தீர்க்க முடியாது. மூன்றாவதன் குறையைத் தீர்க்கலாம். நோயாளி சீரத்தை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இவ்விரண்டு பிளேட்டுகளும் ஒரே மாதிரி ‘பலவீனமானவை’ என்றே தோன்றியிருக்கும்.

பாலிகுளோனலும் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதோ அதைப் பொறுத்து ஓரளவு மாறும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே மொத்த அளவுக்கு இன்னொரு சாட்சி வேண்டும்: பூசிய பின் குழியிலிருந்து எடுத்த கரைசலில் எவ்வளவு புரதம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, ஊற்றிய அளவிலிருந்து கழித்துப் பார்க்கவும். வேறு டொமைன்களைப் பிடிக்கும் மோனோகுளோனல்கள் இங்கேதான் பயன்படுகின்றன. முதல் டொமைன் மறையும் பிளேட்டில் ஐந்தாம் டொமைன் வெளியே தெரிந்தால், புரதம் தலைகீழாக அமர்ந்திருப்பதற்கு அது நல்ல அடையாளம். எல்லா மோனோகுளோனலும் ஒருசேரக் குறைந்தால், புரதம் பிளாஸ்டிக்கில் அப்பிப் படுத்து, தன் மடிப்பு குலைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடர்த்தியையும் மறந்துவிட வேண்டாம். இந்தத் தன்னெதிர்ப்பொருள்கள் இயல்பில் பலவீனமாகப் பிடிப்பவை. இரண்டு கைகளாலும் இரண்டு புரதங்களைப் பற்றினால்தான் நிலைத்து நிற்கும். புரதங்கள் நெருக்கமாக இருந்தால்தான் அது முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1995இல் காட்டினர். மட்சூரா குழு கண்ட வேறுபாட்டுக்கு இதுவே காரணம் என்ற வாதமும் அப்போது எழுந்தது. என் கணிப்பில் திசை, அடர்த்தி இரண்டுமே உண்மைக் காரணங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை ஒதுக்கிவிட முடியாது. அதனால் பிளேட்டுகளை ஒரே பூச்சுச் செறிவில் ஒப்பிடாமல், ஒட்டிய மொத்தப் புரதம் சமமாக இருக்கும் செறிவுகளைத் தேடிப் பிடித்து, அந்தப் புள்ளிகளில் ஒப்பிட வேண்டும். ஒரு பிளேட்டின் 2 மைக்ரோகிராம் மற்றொன்றின் 5 மைக்ரோகிராமுக்குச் சமமாக இருக்கலாம். அந்தச் சமநிலையிலும் முதல் டொமைன் சிக்னல் வேறுபட்டால், அது திசையின் வேறுபாடு என்று துணிந்து சொல்லலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது சற்றுக் கசப்பான முறையில். ஒருமுறை பழைய பிளேட்டுகள் தீர்ந்து, வேறு பரப்புப் பதனம் செய்த பிளேட்டுகளுக்கு மாறியபோது, எங்கள் பாசிட்டிவ் கன்ட்ரோல் சீரம் மங்கலாக வந்தது. நிறம் ஏறும் வேகத்திலேயே அது தெரிந்தது. வழக்கமாக நீலம் ஆழ்ந்துவிடும் நேரத்தில் குழி வெளிறிய வான் நிறத்தில் நின்றது. புரதம் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாகத் தூய்மைப்படுத்தினோம், கான்ஜுகேட்டை (நிறம் தரும் நொதி இணைத்த எதிர்ப்பொருளை) மாற்றினோம், இரண்டு வாரங்கள் போயின. பாலிகுளோனல் சிக்னல் துளியும் குறையவில்லை என்பதை முதல் நாளே ஒரு வரிசைக் குழியில் பார்த்திருந்தால் அந்த இரண்டு வாரங்களும் மிஞ்சியிருக்கும்.

திரவநிலைத் தடுப்புச் சோதனை

விகிதம் நன்றாக வந்த பிளேட்டில், நோயாளியின் சீரத்தை 100 மடங்கு நீர்த்து, முதல் டொமைன் மறுசேர்க்கைப் புரதத்தின் ஏறுமுகச் செறிவுகளோடு ஒரு மணிநேரம் கலந்து வைத்த பின் குழியில் விடவும். சிக்னல் படிப்படியாக இறங்கினால் குழியில் ஒட்டியது முதல் டொமைனைப் பிடிக்கும் எதிர்ப்பொருளே. இதே சோதனையை முழுப் புரதத்தைக் கொண்டு செய்து, தடுப்பு ஏற்படவில்லை என்பதால் சிக்னல் போலியானது என்று முடிவுகட்டிவிடும் தவறு நடப்பதுண்டு. கரைசலில் மிதக்கும் முழுப் புரதத்தில் அந்த எபிடோப் மறைந்தே இருக்கிறது. அதனால்தான் பிளாஸ்மாவில் இவ்வளவு புரதம் சுற்றும்போதும் எதிர்ப்பொருள்கள் அதனால் தீர்ந்துபோகாமல் உலவுகின்றன. முழுப் புரதம் தடுக்காமல் முதல் டொமைன் மட்டும் தடுப்பது, உங்கள் பிளேட் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமே.

திசையைக் கட்டாயப்படுத்தும் வழிகள்

பிளாஸ்டிக்கின் விருப்பத்துக்கு விடாமல், புரதத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்து நிறுத்தவும் முடியும். முதல் டொமைனைத் தனியே பூச வேண்டுமானால் அது மிகச் சிறியது. வெறும் பாலிஸ்டைரீனில் ஒட்டும்போது எபிடோப்பே அடியில் அகப்பட்டுக்கொள்ளலாம். நிக்கலைப் பிடிக்கும் ஹிஸ்டிடின் வால் சேர்த்து நிக்கல் பிளேட்டில் தொங்கவிடும் முறையை லண்டன் ஆய்வாளர்கள் இதற்காகவே பயன்படுத்தினர். முழுப் புரதமாக இருந்தால், ஐந்தாம் டொமைன் முனையில் ஒரே ஒரு பயோட்டின் சேருமாறு வடிவமைத்து, பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பிளேட்டில் நிறுத்தலாம். லைசின்களில் கண்டபடி பயோட்டினை ஏற்றும் சாதாரண வினைப்பொருளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது எல்லாப் பக்கங்களிலும் கொக்கி மாட்டுவதற்கு ஒப்பாகும்.

மோனோகுளோனலைப் பூசி அதன்மேல் புரதத்தைப் பிடித்து நிறுத்தும் கேப்சர் முறையும் உண்டு. இரத்தக்குழாய் அழற்சி நோய்களில் புரோட்டினேஸ்-3க்கு எதிரான தன்னெதிர்ப்பொருளைத் தேடும்போது இது பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் பிடிக்கும் மோனோகுளோனலே சில எபிடோப்புகளை மறைத்துவிடும். எலியின் எதிர்ப்பொருளை நேரடியாகப் பிடிக்கும் பொருள்கள் சிலரின் சீரத்தில் இருப்பதால் போலிப் பாசிட்டிவும் வரும். கேப்சர் மோனோகுளோனல் மட்டும் பூசிய குழிகள் கட்டாயம் வேண்டும்.

சில தன்னெதிர்ப்பொருள்களுக்குப் பிளேட்டே சரிப்படாது. நீரிழிவின் முதல் வகையில் இன்சுலினுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருளைச் சாதாரண எலைசா நம்பத்தக்க விதத்தில் காட்டியதில்லை. கரைசலில் வைத்துச் செய்யும் கதிரியக்க முறைகளே காட்டின. நரம்பு மண்டல நோய்களில் எம்.ஓ.ஜி. என்ற, நரம்பிழை உறையில் உள்ள புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேட, அந்தப் புரதத்தை உயிருள்ள செல்லின் படலத்திலேயே வெளிப்படுத்திச் சோதிக்கிறார்கள். உங்கள் புரதம் அந்த இனத்தைச் சேர்ந்ததா என்று தொடக்கத்திலேயே எண்ணிப் பார்ப்பது நல்லது.

நோயாளி சீரங்களுக்குப் போகும்போது

தேர்ந்தெடுத்த பிளேட், பஃபர், செறிவு மூன்றையும் நிலைப்படுத்திய பிறகே வெட்டுப்புள்ளியை (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லையை) நிர்ணயிக்க வேண்டும். 2006இல் வெளியான, இந்த நோய்க்குறியை வகைப்படுத்தும் சிட்னி வரையறை ஆரோக்கியமானவர்களின் 99ஆம் சதமானத்தை எல்லையாகக் கொண்டு, குறைந்தது 12 வார இடைவெளியில் மீண்டும் பாசிட்டிவ் வர வேண்டும் என்கிறது. அந்த இரண்டாம் சோதனையை வேறு வகைப் பிளேட்டில் செய்தால், எதிர்ப்பொருள் மறைந்துவிட்டதா, எபிடோப் மறைந்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் மாதிரியின் ஒரு பங்கை உறைநிலையில் வைத்திருந்து, இரண்டாம் மாதிரியோடு ஒரே பிளேட்டில் அருகருகே ஓட்டவும். பிளேட் வகை மாறினால் பழைய வெட்டுப்புள்ளி செல்லாது. ஆரோக்கியமானவர்களின் சீரங்களைப் புதிதாக ஓட்டியே ஆக வேண்டும். விலைக்கு வாங்கும் கிட்களைப் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். கிளைசின்-40 முதல் ஆர்ஜினின்-43 வரையிலான எபிடோப் வெளிப்படும் அளவு கிட்டுக்குக் கிட் வேறுபடுகிறது என்பது 2013இல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டுவிட்டது.

முதல் டொமைனை மட்டும் காட்டும் பிளேட் முழுப் புரதப் பிளேட்டுக்கு மாற்று அன்று. பிற டொமைன்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களும் வரையறைப்படி கணக்கில் வருகின்றன. முழுப் புரதத்தையே, முதல் டொமைன் தெரியுமாறு நிறுத்துவதுதான் இலக்கு.

ஒவ்வொரு புதிய பிளேட் பெட்டியையும் திறந்த அன்றே ஒரு வரிசைக் குழிகளில் பாலிகுளோனலையும் முதல் டொமைன் மோனோகுளோனலையும் ஓட்டி, அந்த விகிதத்தைப் பெட்டியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணோடு பதிவேட்டில் எழுதவும். உங்கள் ஆய்வகத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி விகிதம் விலகினால், அந்தப் பெட்டியை நோயாளி மாதிரிகளுக்கு எடுக்காமல் தனியே வைக்கவும். முடிவு அறிக்கையின் பணித்தாளில் லாட் எண்ணைச் சேர்த்து எழுதினால், ஆறு மாதம் கழித்து மருத்துவர் இரண்டு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்கும்போது பதிவேட்டைத் திறந்து பதில் சொல்ல முடியும்.